வேலி இல்லாத காடும் விளம்பரக்காரரும்

‘பப்ளிக்காப் போட்டாச்சுல்ல? பிறகு யார் எடுத்தா என்ன?’ விளம்பரத் தொழிலில் இருப்பவர்கள் இதை ஒரு நியாயமாகவே சொல்கிறார்கள். சென்னையில் ஏசி அறையில் இருக்கும் பெரிய ஏஜென்சிக்காரர்கள் மட்டும் இப்படிச் சொல்லவில்லை. கோவில்பட்டியில் ஒரு மாடி அறையைப் பிடித்து, இரண்டு கம்ப்யூட்டர் போட்டு, நாலைந்து கடைகளின் இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் பையன்களுக்கும் இதுதான் பாலபாடம். வாடிக்கையாளர் போட்ட போட்டோ, ஊர்க்காரர் யாரோ எடுத்த ரீல், ஃபேஸ்புக்கில் ஒருவர் எழுதிய பாராட்டு, எதுவானாலும் கணக்குப் பூட்டாமல் இருந்தால் அது இலவசச் சரக்கு. எடுத்து, வெட்டி, மேலே கடையின் பெயரை ஒட்டிவிட்டால் விளம்பரம் ரெடி. இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் கிரியேட்டிவிட்டி.

இந்த நினைப்பு சட்டப்படியும் தப்பு, வியாபார நியாயப்படியும் தப்பு. எங்கள் கரிசல்காட்டு நியாயத்துக்கும் ஒத்துவராது. சட்டத்துக்குப் பிறகு வருகிறேன்.

எங்கள் நாகலாபுரத்தைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் மானாவாரிக் காடுதான். புரட்டாசி மழையை நம்பி உளுந்து, பாசி, கம்பு, மக்காச்சோளம், மல்லி, மிளகாய் என்று விதைப்போம். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வேலி கிடையாது. இன்னார் காடு இதோடு முடிகிறது என்று சொல்ல ஒரு பொழி இருக்கும், அவ்வளவுதான். ரோட்டில் போகிற எவரும் நின்று பார்க்கலாம். சிவந்து கிடக்கும் பழத்தைப் பார்த்து ‘இந்த வருசம் பரவாயில்லையே’ என்று பெருமூச்சு விடலாம். ஒற்றையடிப் பாதை இருந்தால் ஊடே நடந்தும் போகலாம். வேலி இல்லையே என்று ஒருத்தர் சாக்கைக் கொண்டுவந்து பழத்தைப் பறித்துச் சந்தையில் விற்றால் அதற்கு என்ன பெயர் என்று எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். மகசூலில் விட்டுப்போனதைத் தப்புப் பொறுக்குவதற்குக்கூட ஒரு முறை உண்டு. காட்டுக்காரர் மகசூலை எடுத்து முடித்துவிட்டுக் கிளம்பும்வரை பொழியில்தான் காத்திருக்க வேண்டும். இவ்வளவு திறந்த நிலத்தில் இவ்வளவு கறாரான முறையோடு வாழ்ந்த ஊரிலிருந்து போன பையன், செல்போனுக்குள் நுழைந்ததும் அதை மறந்துவிடுகிறான்.

இந்தப் பக்கத்து ரீல் எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்கிறேன். மாசி, பங்குனியில் வத்தல் களம். தார்ப்பாயில் பரப்பிய வத்தல் வெயிலில் நெருப்பாகக் கிடக்கும். நாலு பெண்கள் குத்தவைத்து உட்கார்ந்து, வெளுத்ததை ஒரு பக்கமும் நல்லதை ஒரு பக்கமுமாகப் பிரித்துப் போடுவார்கள். முந்தானை மூக்கைச் சுற்றியிருக்கும். நெடி தாங்காமல் ஒருத்தி தும்முவாள், பக்கத்தில் இருப்பவள் சிரிப்பாள். சாயங்காலம் தேங்காய் எண்ணெயைத் தடவினாலும் விடியும்வரை கை காந்தும். காலேஜுக்குப் போகிற பேத்தி போனைத் தூக்கிப் பிடித்ததும் ஆச்சி, ‘ஏட்டி, என்னயப் போயி எதுக்குப் படம் பிடிக்க?’ என்று முகத்தைத் திருப்புவாள். கொஞ்ச நேரத்தில் அவளாகவே பேச ஆரம்பிப்பாள்: போன வருச விலை, இந்த வருச விலை, கமிசன் கடையில் எடையில் கழிக்கிற கழிவு, சாக்குக்குப் பிடிக்கிற காசு. முப்பது விநாடி. அந்தப் பேச்சுக்காகவே ஆயிரக்கணக்கான பேர் பார்ப்பார்கள்.

இதை ஒரு மசாலாக் கம்பெனி எடுக்கிறது என்று வையுங்கள். முதல் வேலையாகச் சத்தத்தை எடுப்பார்கள். எடை, கழிவு, சாக்குக் காசு எல்லாம் போய் அங்கே புல்லாங்குழல் வரும். பிறகு ஸ்லோ மோஷன். சுருக்கம் விழுந்த கை குளோசப்பில் தெரியும், அதன்மேல் ‘பாட்டியின் கைப்பக்குவம்’ என்று எழுத்து ஓடும். வியாபாரியை ஏசிக்கொண்டிருந்தவள் வியாபாரிக்காகச் சிரிப்பதுபோல் ஆகிவிடும். ‘அந்தம்மாவுக்கு இதில் என்ன நட்டம்?’ என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்தச் சத்தம் போன இடத்தைத்தான். அவள் சொன்னது வேண்டாம், அவள் முகம் மட்டும் வேண்டும் என்பதே அந்த விளம்பரத்தின் கணக்கு.

ஏன் முகம் வேண்டும்? மிளகாய்ப் பொடியின் படத்தைப் போட்டு விற்க வேண்டியதுதானே? பொடிக்குச் சாட்சி சொல்ல ஆள் வேண்டும். விளம்பரத்தில் ஒரு மனிதரின் முகம் வந்தால் அவர் அந்தப் பொருளுக்கு ஜாமீன் நிற்கிறார் என்றுதான் பார்க்கிறவர் எடுத்துக்கொள்வார். இது என் வியாக்கியானம் மட்டுமில்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பரிந்துரை என்பதற்கு விளக்கம் சொல்லும்போது, வாயால் சொன்ன வார்த்தையோடு நிறுத்தவில்லை. ஒருவருடைய பெயரையோ கையெழுத்தையோ உருவத்தையோ காட்டி, இது அவருடைய கருத்து, அவருடைய அனுபவம் என்று நுகர்வோரை நம்பவைத்தால் அதுவும் பரிந்துரைதான் என்கிறது. விளம்பரம் பொய்யாக இருந்து, பரிந்துரைத்தவரும் விசாரிக்காமல் பேசியிருந்தால் அவருக்கே பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் போடவும் இடம் உண்டு. இத்தனை கனமான காரியத்தில் ஒருத்தியைக் கேட்காமலே கொண்டுபோய் நிறுத்துவதற்குத்தான் ‘எடுத்துப் போட்டோம்’ என்று லேசாக ஒரு பெயர்.

கேட்காமல் நிறுத்திய சாட்சி எப்படிப் பல்லிளிக்கும் என்பதற்கு 2021 பிப்ரவரியில் கொல்கத்தாவில் ஒரு காட்சி கிடைத்தது. பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின் பத்திரிகை விளம்பரத்தில் ஒரு பெண் சிரித்துக்கொண்டு நின்றார். திட்டத்தால் தலைக்கு மேல் கூரை கிடைத்ததாகப் பக்கத்தில் வாசகம். நிருபர்கள் தேடிப்போய்ப் பார்த்தபோது அந்த அம்மா ஒற்றை அறையில் வாடகைக்குக் குடும்பத்தோடு இருந்தார். திட்டத்தில் வீடு கிடைக்கவில்லை. படம் எப்போது எடுத்தார்கள் என்பதும் அவருக்குத் தெரியவில்லை. அது சமூக ஊடகத்திலிருந்து எடுத்த படம் அல்ல என்று வாதம் செய்யலாம். எங்கிருந்து எடுத்தால் என்ன, முகத்தை மட்டும் பிய்த்துக்கொண்டு போகிற வேலை ஒன்றேதான். ஒரு அரசாங்கமே விசாரிக்காமல் இப்படிச் செய்ய முடியும் என்றால் மாடி அறைப் பையன் எம்மாத்திரம்?

சரி, சட்டத்துக்கு வருவோம். எதிர்த்தரப்பின் கையில் ஒரு துருப்புச் சீட்டு இருப்பது எனக்குத் தெரியும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தானாகவே பொதுவில் வெளியிட்ட தன் விவரங்களுக்குப் பொருந்தாது என்று சொல்கிறது. சமூக ஊடகத்தில் கருத்து எழுதும்போது ஒருவர் தன் விவரங்களைப் பொதுவில் வைத்தால் அதுவும் அப்படித்தான் என்று சட்டத்திலேயே உதாரணம் வேறு கொடுத்திருக்கிறார்கள். மோசமான விதிவிலக்கு அது; பாராளுமன்றம் அதைத் திருத்த வேண்டும். ஆனால் அந்த விதி சொல்வதெல்லாம், இந்தச் சட்டத்தின் கடமைகள் அங்கே வராது என்பதுதான். வேறு சட்டங்கள் எல்லாம் ஊரைவிட்டுப் போய்விட்டன என்று அதில் எழுதவில்லை. தவிரவும், அது ‘தானாகவே வெளியிட்டவர்’ பற்றியது. களத்து ஆச்சி எதையும் வெளியிடவில்லை. வெளியிட்டது பேத்தி.

பேத்தி எடுத்த படத்துக்கு 1957-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டப்படி பேத்திதான் உரிமையாளர். பதிவு செய்யத் தேவையில்லை, மூலையில் ‘சி’ போட்ட வட்டமும் தேவையில்லை. அனுமதி இல்லாமல் எடுத்தாள அந்தச் சட்டம் விடுகிற வழிகளில் நம் வழக்குக்குப் பக்கத்தில் வருபவை மூன்று: ஆராய்ச்சியும் சேர்ந்த சொந்த உபயோகம், விமர்சனம், நடப்புச் செய்தி. மசாலா விற்பது இதில் எந்த வழியிலும் வராது.

ஆச்சியின் முகத்துக்கு வருவோம். இங்கே நமக்குக் கைகொடுப்பது தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கு. தூக்குத் தண்டனைக் கைதியாக இருந்த ஆட்டோ சங்கரின் சுயசரிதையை ‘நக்கீரன்’ வெளியிட முனைந்ததும் அதிகாரிகள் தடுத்தார்கள். ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு என்ற அந்த வழக்கில் 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பத்திரிகையின் பக்கம் நின்றது. பொது ஆவணத்தில் இருப்பதை எழுத யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம், முன்கூட்டியே தடுக்க அதிகாரிகளுக்கு உரிமை இல்லை என்றது. பத்திரிகைச் சுதந்திரத்துக்கு இன்றுவரை மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு. அதே தீர்ப்பில், ஒருவருடைய பெயரையோ உருவத்தையோ அவர் சம்மதம் இல்லாமல் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அந்தரங்க உரிமையை மீறுவதாகும் என்றும் நீதிபதிகள் எழுதியிருக்கிறார்கள். செய்திக்குக் கதவைத் திறந்துவிட்ட அதே கையால்தான் விளம்பரத்துக்குக் கதவைச் சாத்தினார்கள். ‘பொதுவில் இருப்பதை எழுதலாம்’ என்ற பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு ஆடுகிறவர்கள் மறுபாதியையும் ஒருதடவை வாசிக்கலாம்.

அடுத்த வாதம் கொஞ்சம் சாமர்த்தியமானது. ‘கணக்குத் தொடங்கும்போது எல்லா நிபந்தனைக்கும் சரி என்று அழுத்தினார்கள் அல்லவா?’ அழுத்தினார்கள். யாருக்கு? அந்தச் செயலியின் கம்பெனிக்கு. அந்த ஒப்பந்தத்தில் மசாலாக்காரர் எங்கே வருகிறார்? இந்த வாதத்தைக் கோர்ட்டில் வைத்தே தோற்றவர்கள் உண்டு. 2010 ஜனவரியில் ஹெய்ட்டியில் பூகம்பம் வந்தபோது அங்கிருந்த புகைப்படக்காரர் டேனியல் மொரெல் தான் எடுத்த படங்களை ட்விட்டர் வழியாகப் போட்டார். ஏஎஃப்பி செய்தி நிறுவனம் அவற்றை எடுத்து உலகம் முழுக்க விநியோகித்தது. ட்விட்டரில் போட்ட படம் என்பதால் எடுக்க உரிமை உண்டு என்று வாதாடியது. நியூயார்க் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2013-ல் ஏஎஃப்பியும் கெட்டி இமேஜஸும் சுமார் 12 லட்சம் டாலர் தர வேண்டும் என்று ஜூரி சொன்னது. அது செய்திக்காக எடுத்த படம். செய்திக்கே இந்தக் கதி.

ஒப்பந்தம் கையில் இருக்கிற கம்பெனிக்கே வசதியாக இல்லை என்பது வேறு விஷயம். ஒருவர் ஒரு பக்கத்தை லைக் போட்டதை அவர் பெயர், படத்தோடு நண்பர்களுக்கு விளம்பரமாகக் காட்டிக்கொண்டிருந்தது ஃபேஸ்புக். அமெரிக்காவில் 2011-ல் வழக்கு வந்தது, 2013-ல் 2 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. உரிமை கோரியவர்களுக்குத் தலைக்கு 15 டாலர் வந்ததாம். அது போகட்டும். 2012 டிசம்பரில் இன்ஸ்டாகிராம், உங்கள் படங்களை விளம்பரத்தோடு சேர்த்துக் காட்டுவோம், காசு தரமாட்டோம் என்ற பொருளில் நிபந்தனையை மாற்றப் பார்த்தது. எழுந்த கூச்சலில் சில நாளிலேயே பின்வாங்கியது. போட்டவர்கள் எல்லாரும் மனமுவந்து தாரைவார்த்துவிட்டார்கள் என்பது உண்மையானால் அந்தக் கூச்சல் எதற்கு?

‘கிரெடிட் கொடுத்துவிட்டோமே, டேக் செய்தோமே’ என்பவர்களும் இருக்கிறார்கள். யாருடையது என்று தெரிந்தேதான் எடுத்தேன் என்று எழுதிக் கொடுப்பதுதான் அந்த டேக். இதைவிடச் சிக்கல் ஒன்று உண்டு. 2007-ல் வர்ஜின் மொபைல் கம்பெனி ஆஸ்திரேலியாவில் பஸ் ஸ்டாப்புகளில் ஒரு விளம்பரம் வைத்தது. படத்தில் இருந்தது அமெரிக்காவின் டெக்ஸஸ் மாநிலத்துப் பள்ளி மாணவி. படத்தை எடுத்தவர் ஃப்ளிக்கர் தளத்தில் போட்டு, பெயரைச் சொல்லிவிட்டு யாரும் எடுத்துக்கொள்ளலாம், வியாபாரத்துக்கும் சரி என்ற உரிமத்தைக் கொடுத்திருந்தார். பேனா நட்பைக் கழற்றிவிடு என்று அந்தப் பெண்ணின் தலைக்கு மேலே கேலியாக வாசகம். பெண்ணோ, வீட்டாரோ சம்மதிக்கவில்லை. குடும்பம் வழக்குப் போட்டது. ஆஸ்திரேலியக் கம்பெனியை டெக்ஸஸில் விசாரிக்க முடியாது என்று வழக்குத் தள்ளுபடியாகிவிட்டது. கோர்ட்டில் கம்பெனி தப்பித்தது என்று இதைச் சொல்பவர்கள், எல்லையைக் காட்டித் தப்பித்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நமக்கு இதில் கிடைக்கிற சங்கதி: எடுத்தவர் ஒருவர், எடுக்கப்பட்டவர் ஒருவர். முதலாமவர் முழுமனதோடு கொடுத்தாலும் இரண்டாமவர் பாக்கி இருக்கிறார். பேத்தி சரி என்றாலும் ஆச்சியிடம் கேட்கத்தான் வேண்டும்.

எல்லாவற்றிலும் எனக்கு எரிச்சல் தருவது ‘இலவசமாகப் புகழ் கிடைக்கிறது, சந்தோசப்பட வேண்டியதுதானே’ என்ற பேச்சு. டோக்கியோ ஒலிம்பிக்கில் 2021 ஆகஸ்டில் பி.வி. சிந்து வெண்கலம் வென்றதும், அவருக்குக் காசு எதுவும் கொடுக்காத கம்பெனிகள் அவர் படத்தோடு தங்கள் லோகோவையும் ஒட்டி வாழ்த்துச் சொன்னார்கள். புகழுக்குக் குறைவில்லாத அவர் தரப்பே வக்கீலைத் தேடிப் போனது. ரஜினிகாந்த் தன் பெயரையும் சாயலையும் வைத்து எடுத்த ஒரு இந்திப் படத்துக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றம் போனார்; 2015-ல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பில் எனக்கு ஒப்பாத வரி ஒன்று உண்டு. ஆளுமை உரிமை என்பது பிரபலம் என்ற நிலையை எட்டியவர்களுக்கு உரியது என்று அதில் வருகிறது. நட்சத்திரத்துக்கு முகம் போனாலும் பணமும் வக்கீலும் மிச்சம் இருக்கும். நாகலாபுரத்து ஆச்சிக்கு ஊரில் அவளை நாலுபேர் நம்புவதைத் தவிர வேறு சொத்துக் கிடையாது. அந்த நம்பிக்கையைத்தான் மசாலாப் பாக்கெட்டில் அச்சடிக்கிறார்கள். கலப்படம் என்று ஒரு நாள் பேச்சு வந்தால் களத்தில் யாரை நிறுத்திக் கேட்பார்கள்?

‘சின்ன வியாபாரி, அனுமதி கேட்டுக்கொண்டிருந்தால் பிழைப்பு ஓடுமா?’ இந்தக் கேள்விக்கு எங்கள் ஊர்ப் பக்கத்து வியாபாரத்திலேயே பதில் இருக்கிறது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே கொண்டாடியது. வேறு ஊரில் செய்துவிட்டுக் கோவில்பட்டிப் பெயரைப் போடுகிறார்கள் என்பது வெகுநாள் வயிற்றெரிச்சல். பெயரின் பின்னால் உழைப்பு இருக்கிறது, அந்தப் பெயரை உழைக்காதவன் எடுக்கக் கூடாது என்பதுதானே அந்தக் குறியீடு? தீப்பெட்டித் தொழிலிலும் அப்படித்தான். லேபிளில் இருக்கிற படத்தை அடுத்தவர் லேசாக மாற்றி அச்சடித்தாலும் வக்கீல் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அந்த லேபிள் கடைக்கடைக்குத் தொங்குகிறதே, பொதுவில்தானே இருக்கிறது, எடுத்தால் என்ன என்று அங்கே யாராவது சொல்லிப் பார்க்கட்டும். தன் லேபிளுக்கு ஒரு நியாயம், கடலை உடைக்கிற பெண்ணின் முகத்துக்கு ஒரு நியாயம் என்றால் அதைச் சின்ன வியாபாரியின் கஷ்டம் என்று சொல்ல முடியாது.

கேட்பதில் அப்படி என்ன கஷ்டம்? ‘உங்கள் ரீல் பார்த்தோம், எங்கள் பக்கத்தில் விளம்பரமாகப் போடலாமா, இவ்வளவு தருகிறோம்’ என்று ஒரு மெசேஜ். பாதிப்பேர் சம்மதிப்பார்கள், சம்மதிக்காதவர் ரீல் வேண்டாம், அவ்வளவுதான். உலகத்தின் பெரும் பணக்காரக் கம்பெனிகளில் ஒன்றான ஆப்பிள், வாடிக்கையாளர்கள் ஐபோனில் எடுத்த படங்களுக்கு 2019 ஜனவரியில் போட்டி வைத்தது. ஜெயித்த படத்தை விளம்பரப் பலகையில் வைப்போம் என்றார்கள்; காசு பற்றிப் பேச்சில்லை. புகைப்படக்காரர்கள் கேள்வி கேட்டதும் உரிமத் தொகை தருவதாக ஒப்புக்கொண்டார்கள். கேட்டு, கொடுத்து, பெயர் போட்டுச் செய்கிற விளம்பரத்தில் கற்பனைக்குக் குறைச்சல் வந்துவிடவில்லை. அதுவும் அந்த ஆச்சி பேசிய எடைக் கணக்கை வெட்டாமல், ‘நாங்கள் கழிவு பிடிப்பதில்லை’ என்று துணிந்து சொல்கிற மசாலாக்காரர் ஒருவர் வந்தால் அந்த விளம்பரத்தை நானே நாலு பேருக்கு அனுப்புவேன்.

இதையெல்லாம் சொன்னால், மீம் போடக் கூடாதா, கேலி செய்யக் கூடாதா என்று திசை திருப்புவார்கள். தாராளமாகப் போடுங்கள். 2019 மே மாதம் ‘பிரே ஃபார் நேசமணி’ என்று உலகமே தலையைப் பிய்த்துக்கொண்டதே, அது எவ்வளவு அழகான கூத்து! சுத்தியல் படத்தைப் போட்டு உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று யாரோ கேட்க, ‘ஃப்ரெண்ட்ஸ்’ படத்து வடிவேலுவின் தலையில் விழுந்த கதையை ஒரு தமிழர் சீரியஸாகச் சொல்ல, ஊரே கூடிப் பிரார்த்தனை செய்தது. அந்தச் சிரிப்புக்கு யாரும் பில் போடவில்லை. அதன் ஓரத்தில் வந்து நின்றுகொண்டு ஆஃபர் அறிவித்த கடைகளைப் பற்றித்தான் பேசுகிறேன். செய்தி, விமர்சனம், நையாண்டி மூன்றையும் யாராவது தடுக்க வந்தால் இந்தக் கட்டுரையை அவர்களுக்கு எதிராகவும் திருப்பிக்கொள்ளலாம்.

இதற்குள் தொழில் வேறு கட்டத்துக்குப் போய்விட்டது. இப்போது ரீலை வெட்டி ஒட்டக்கூட வேண்டாம். பத்து விநாடிப் படமும் குரலும் கிடைத்தால் ஏஐ அந்த ஆச்சியையே பேசவைத்துவிடும், சொல்லாத வார்த்தையை அவள் வட்டார வழக்கிலேயே சொல்லவைக்கும். அனில் கபூர் 2023-ல் தில்லி உயர் நீதிமன்றத்தில் இதற்கெல்லாம் தடை வாங்கினார். பொதுவில் போட்டது பொதுச்சொத்து என்ற வாதத்தை இன்று சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொள்பவர், நாளைக்குத் தன் அம்மாவின் குரலில் முழங்கால்வலி எண்ணெய் விற்கும்போது எந்த வாதத்தோடு போய் நிற்பார்?

ரீலைப் பறிகொடுத்தவர் செய்ய வேண்டியவை சில உண்டு. விளம்பரத்தைத் தேதியோடு ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவைத்துவிட்டுத்தான் சண்டைக்குப் போக வேண்டும். கேட்ட மறுநிமிடம் அழித்துவிட்டு ‘எந்த ரீல்?’ என்பார்கள். ரீலைப் படம்பிடித்தவர் செயலியின் காப்புரிமைப் புகாரைப் போடலாம். 2013-ஆம் ஆண்டின் காப்புரிமை விதிகள்படி முறையான நோட்டீஸ் போனால் 36 மணி நேரத்தில் தளம் அதை முடக்க வேண்டும். 21 நாளுக்குள் கோர்ட் உத்தரவு வராவிட்டால் திரும்ப விட்டுவிடலாம். அனுமதியில்லாமல் ஒருவரைக் காட்டிப் பொருளுக்கு நியாயமற்ற ஆதாயம் தேடுவதை விளம்பரத் துறை தனக்குத்தானே வகுத்துக்கொண்ட ஆஸ்கி நெறிமுறையும் தடுக்கிறது, அங்கேயும் புகார் கொடுக்கலாம். பொய் விளம்பரமாக இருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915. இவை எல்லாம் பேத்திக்கும் வாங்குகிறவருக்கும் உள்ள வழிகள். படத்தில் இருக்கிற ஆச்சி தன் முகத்தைத் திரும்பக் கேட்க வேண்டுமென்றால் சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். 1994-லேயே உச்ச நீதிமன்றம் ஒத்துக்கொண்ட உரிமைக்கு, வத்தல் களத்தில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஒருத்தி வாய்தாவுக்கு வாய்தா பஸ் ஏற வேண்டியிருக்கிறது. தரவுச் சட்டத்தின் அந்த விதிவிலக்கைத் திருத்தும்போது, சம்மதமில்லாத முகத்தை விளம்பரத்திலிருந்து எடுக்கவைக்க ஒரு புகாரே போதும் என்று எழுதுவதற்குப் பாராளுமன்றத்துக்கு ஒரு வரிக்கு மேல் ஆகாது.